கோட்டு விவகாரம்

மாப்பிள்ளையின் முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தது செத்தவருக்கான கிளாஸ்.

சின்னக் கிளாஸ் நிறைய ஓட்கா, அதன் மேல் மூடி மாதிரி ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. நாற்பதாம் நாள் சாப்பாட்டில் போனவரின் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்து, யாரும் தொடாமல் விட வேண்டியது. அது இப்போது கல்யாண மேசையில், டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராக இருந்தது. மாப்பிள்ளை அதையே வெறித்துப் பார்த்தான். அவன் கை மெல்லப் போய்த் தன் நாடியைத் தொட்டுப் பார்த்தது.

வாசலில் நின்று இதைப் பார்த்த மேனேஜர் யெஃபிம் லூகிச்சுக்குத் தன் நாடியே நின்றுவிடும் போலிருந்தது.

"ஃபைனா! அது பக்கத்து ஹாலுக்குப் போக வேண்டியது!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"முக்கியமானவர் முன்னாடி வைன்னு நீங்கதானே லூகிச் சொன்னீங்க? கல்யாணத்துல மாப்பிள்ளையை விட முக்கியமானவர் யாரு?" என்றாள் ஃபைனா. அந்த ஓட்டலில் நெடுங்காலமாகப் பரிமாறுகிறவள். எதற்கும் அவசரப்பட மாட்டாள், தப்பு செய்வதைத் தவிர.

வோல்கா கரையில் ரீபின்ஸ்க் ஊரில் இருந்தது அந்த 'பழைய அடுப்பு' ஓட்டல். இரண்டு ஹால், நடுவே ஒரு குறுகிய நடை. இரண்டு ஹாலின் கதவுகளும் நடையில்தான் எதிரெதிராகத் திறக்கும். நடையின் ஒரு முனையில் சமையலறை. மறுமுனையில் வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கிற இடம், அதைத் தாண்டினால் தெரு. வேறு வழி கிடையாது.

முதலாளி வாதிம் வேலை கொடுத்த அன்றே ஒன்றைச் சொல்லியிருந்தார். "சாப்பாட்டுல உப்பு இல்லேன்னாக்கூட மன்னிப்பேன். ஆனா கல்யாணமும் கருமாதியும் ஒண்ணை ஒண்ணு கண்ணால பாத்துடக் கூடாது. போன மேனேஜர் விட்டுட்டான். துக்க வீட்டுக்காரன் கல்யாணக்காரன் தலையில அக்கார்டியனைப் போட்டு உடைச்சான். அது என் அக்கார்டியன்."

யெஃபிமுக்கு இந்த வருஷத்தில் இது மூன்றாவது வேலை. இதுவும் போனால் எங்கே போக வேண்டும் என்பதை அவர் மனைவி ராயிஸா முடிவு செய்து வைத்திருந்தாள். அவளுடைய அப்பாவின் கொட்டகையில் மீனுக்குப் புகை போடப் போக வேண்டும். மாமனார் ஏற்கெனவே அவருக்காக ஒரு ரப்பர் ஏப்ரன் வாங்கி ஆணியில் மாட்டியிருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத் தடவிக் கொடுத்து, "மேனேஜர் மாப்பிள்ளைக்கு அளவு சரியா இருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

பெரிய ஹாலை மாப்பிள்ளையின் அப்பா ஷூகின் கோடையிலேயே பிடித்துவிட்டார். போன வாரம் பெலகேயா என்ற ஒரு அம்மா போன் செய்தார். வீட்டுக்காரருக்கு நாற்பதாம் நாள், அதே சனிக்கிழமை வருகிறது என்று அவர் ஆரம்பித்ததுமே யெஃபிம் குறுக்கே பாய்ந்தார்.

"கவலையே படாதீங்கம்மா! சின்ன ஹால் உங்களுக்கு. பக்கத்துல என்ன நடந்தாலும் உங்க காதுல விழாது. நீங்க இருக்கிறதும் யாருக்கும் தெரியாது. நான் பொறுப்பு."

"ஐயோ, அதில்லப்பா..." என்று அந்த அம்மா தழுதழுத்தார்.

நன்றியில் பேச்சு வரவில்லை என்று புரிந்துகொண்டு யெஃபிம் போனை வைத்துவிட்டார்.

இன்று காலையிலேயே கோட்டு மாட்டும் ஸ்தெபானிதாவிடமும் கண்டிப்பாகச் சொல்லியாயிற்று. "அக்கா, துக்கத்துக்கு வர்றவங்க கோட்டெல்லாம் இடது பக்கம். கல்யாணத்துக்கு வர்றவங்க கோட்டெல்லாம் வலது பக்கம். போறப்பக்கூட ரெண்டு கூட்டமும் முட்டிக்கக் கூடாது." இரண்டு கூட்டமும் வந்து சேர்ந்த நேரத்தில் யெஃபிம் சமையலறையில் இருந்தார். கடைசியில் தருகிற கீசெல் கூழ் இன்னும் கெட்டியாக வேண்டுமா, போதுமா என்று சமையல்காரரோடு வாக்குவாதம். வெளியே வந்து பார்க்கும்போது எல்லாரும் அவரவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும், இந்தக் கிளாஸ் மட்டும் வழி தவறாமல் இருந்திருந்தால்.

யெஃபிம் கல்யாண மேசைக்குப் பாய்ந்தார். கிளாஸை எடுத்தார். எல்லார் கண்ணும் அவர் மேல். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அன்பான விருந்தாளிகளே! இன்னியோட ஒருத்தர் நம்மை விட்டுப் போயிட்டாரு. அவர்தான் மாப்பிள்ளையோட பிரம்மச்சரியம்! அன்னாருக்காக இந்தக் கிளாஸ். இது எங்க ஓட்டல் வழக்கம்!"

ஒரே மடக்கில் குடித்து, ரொட்டியைக் கடித்தார். உடனே ஹாலே அதிரும்படி சிரிப்பு.

"பிரமாதம்யா!" என்று எழுந்தார் ஷூகின். அகன்ற மார்பும் அதைவிட அகன்ற குரலும் உள்ளவர். "என் பிரம்மச்சரியம் செத்து முப்பது வருஷமாச்சு. ஒரு பய ஒரு கிளாஸ் வெச்சானா? கொண்டா எனக்கும் ஒண்ணு!"

"எனக்கும்!" "எங்க அண்ணனுக்கு ரெண்டு வை, அவனுக்கு ரெண்டு தடவை செத்துச்சு!"

கல்யாணமான ஆம்பளைகள் அத்தனை பேருக்கும் ரொட்டி மூடிய கிளாஸ் வந்தது. மேசையைப் பார்த்தால் கொள்ளைநோயில் ஒரு தெருவே போய்விட்டது போலிருந்தது. ஆளுக்கொன்றாக அதைத் தூக்கி, யெஃபிமையும் விடாமல் பிடித்து நிறுத்திக் குடிக்க வைத்தார்கள்.

"லூகிச், ரொட்டி தீந்துபோச்சு. ஓட்காவும்தான்" என்றாள் ஃபைனா. "அந்தம்மா அங்க கிளாஸ் எங்கேன்னு கேக்கறாங்க."

யெஃபிம் அலமாரியைத் துழாவினார். மிச்சமிருந்தது மூலிகை வேர் ஊறப்போட்ட பழைய ஓட்கா ஒரு ஜாடி. வயிற்றுவலிக்காரர்கள்கூடக் கேட்க மாட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு சின்ன ஹாலுக்கு ஓடினார். வழியில் ஸ்தெபானிதா மறித்தாள்.

"தம்பி, கோட்டுல ஒரு சிக்கல்."

கோட்டு என்றால் அந்த ஓட்டலில் இரண்டு. ஒன்று மேலே மாட்டுவது. இன்னொன்று 'கோட்டு போட்ட மீன்'. உப்பு மீனை அடியில் பரப்பி, அதன் மேல் துருவிய பீட்ரூட்டைப் போர்த்தித் தருவார்கள். அது இல்லாமல் கல்யாணமும் கிடையாது, பண்டிகையும் கிடையாது.

"பத்தலையா? இன்னும் நாலு தட்டு போடச் சொல்லு" என்று கத்திவிட்டு ஓடினார் யெஃபிம்.

சின்ன ஹாலில் எல்லாம் முறைப்படி இருந்தது. சுவரோரம் ஒரு மீசைக்காரரின் போட்டோ. போட்டோவில்கூட ஏதோ குறும்பு செய்துவிட்டு வந்தவர் மாதிரிதான் தெரிந்தார். மேசையில் தேனும் உலர்திராட்சையும் கலந்த கோதுமைக் குத்யா, அடுக்கடுக்காய் பிளினி தோசை. கறுப்புத் தலைத்துணி கட்டிய பெலகேயா அம்மா நடுவில். பக்கத்தில் தங்கப்பல் கட்டிய அவர் தம்பி, அழுது அழுது மூக்கு சிவந்திருந்தார்.

யெஃபிம் எல்லாருக்கும் ஊற்றினார். எல்லாரும் எழுந்து நின்று, கிளாஸோடு கிளாஸ் இடிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல் குடித்தார்கள். அந்த அமைதியில் தங்கப்பல்காரரின் முகம் கோணியது. கண் பிதுங்கியது.

"கசக்குது!" என்று அலறினார்.

இதைவிட அவர் 'தீப்பிடிச்சிருச்சு' என்று கத்தியிருக்கலாம். கல்யாணத்தில் யாராவது 'கசக்குது' என்று குரல் கொடுத்தால், பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து முத்தம் கொடுத்து அதை இனிப்பாக்க வேண்டும். எத்தனை நேரம் கொடுக்கிறார்கள் என்று கூட்டமே எண்ணும். எவன் கத்தினான், எங்கிருந்து கத்தினான் என்று யாரும் பார்ப்பதில்லை.

"கசக்குது! கசக்குது!" என்று எதிர் ஹால் முழங்கியது. பிறகு, "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

சின்ன ஹாலில் எல்லாரும் தலை நிமிர்ந்தார்கள்.

"அது... கிச்சன்ல பெல்மேனி எண்றாங்கம்மா" என்றார் யெஃபிம்.

"பதினொண்ணு! பன்னெண்டு!"

"இவ்வளவு சத்தமாவா?"

"மாவு, மாவுக்குள்ள கறி. மெதுவா எண்ணினா விட்டுப்போயிரும்மா."

இருபதில் பெரிய கைதட்டல்.

"பெல்மேனிக்கு எதுக்குப்பா கை தட்டறாங்க?"

"இருபதைத் தொட்டா தட்டுவோம். எங்க ஓட்டல் வழக்கம்."

பெலகேயா அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம்பியின் காதருகே குனிந்து, "பாவம், உடம்பு சரியில்லை போலிருக்கு" என்றார். யெஃபிமிடம் கனிவாகத் திரும்பினார். "சத்தம் வரட்டும்பா. எங்க வீட்டுக்காரருக்குச் சத்தம்னா உசிரு. எனக்காக எதையும் நிறுத்தாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு."

யெஃபிம் ஜாடியைத் தூக்கினார். எதையும் நிறுத்தக் கூடாது என்றால் ஊற்றுவதையும் நிறுத்தக் கூடாது அல்லவா? அந்த வேர் ஓட்காவை மறுபடியும் எல்லாருக்கும் ஊற்றினார். மறுபடியும் ஒருவர் "கசக்குது" என்றார். மறுபடியும் பெல்மேனி எண்ணப்பட்டது. இந்த முறை முப்பது வரை போயிற்று. பெலகேயா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று யெஃபிம் பயந்துபோனார்.

கல்யாண ஹாலில் என்ன நிலைமை என்று பார்க்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளை பக்கம் நிரம்பி வழிந்தது. பெண் பக்கத்து நாற்காலிகளில் பாதி காலி. பெண்ணோ தட்டைத் தொடவில்லை. அவள் பார்வை வாசல் கதவின் மேலேயே இருந்தது. யெஃபிமைக் கண்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்தக் கதவை எப்போ திறப்பீங்க?"

"எந்தக் கதவும்மா?"

"அதான்... இன்னும் எவ்வளவு நேரம்ணே? எனக்கு இருப்பே கொள்ளலை."

யெஃபிமுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வராத கல்யாணம். அழுத கண். வாசலையே பார்க்கும் பார்வை. பெண் ஓடப் பார்க்கிறாள்! இவருடைய ஓட்டலிலிருந்து, இவருடைய சனிக்கிழமையில்! அவர் மூக்கில் புகை போட்ட மீனின் வாசனை லேசாக அடித்தது.

அந்த அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது. நடு ஹாலில் ஒருவர் உட்கார்ந்தும் எழுந்தும் கால் உதறி ஆடிக்கொண்டிருந்தார். வாயில் தங்கப்பல் மின்னியது. யெஃபிம் சின்ன ஹாலுக்கு ஓடினார். அங்கே அவரில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தங்கப்பல் போட்டோ முன்னால் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தது. பெரிய ஹாலை எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தங்கப்பல் அங்கே ஆடியது.

"ஃபைனா, நான் இதுவரைக்கும் எத்தனை கிளாஸ் குடிச்சிருப்பேன்?"

"அதை எண்ண, அந்த பெல்மேனி எண்றவங்களைத்தான் கூப்பிடணும்."

"தம்பி," என்று ஸ்தெபானிதா நடையில் மறுபடியும் வந்து நின்றாள். "அந்தக் கோட்டு..."

"இன்னும் பத்தலையா? பத்துத் தட்டு போடச் சொல்லு! என்னைக் கேக்காதே!"

சமையலறை மும்முரமாயிற்று. இரண்டு ஹாலுக்கும் கோட்டு போட்ட மீன் வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள், பியானோ மேல் வைத்தார்கள். போனவரின் போட்டோவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தட்டு நின்றது. இந்த நெரிசலில் ஃபைனா கீசெலைக் கொண்டுபோய்க் கல்யாண மேசையில் வைத்துவிட்டாள்.

"என்னய்யா இது?" என்று ஷூகின் குரல் உயர்ந்தது. பழக்கூழில் மாவு கரைத்துக் காய்ச்சிய அந்தச் சிவப்புக் கீசெல் வந்தால் விருந்து முடிந்தது, எழுந்து போகலாம் என்று அர்த்தம். "எங்களைத் தொரத்துறியா? இன்னும் வாத்து வரலை!"

"ஐயா, தப்பா வந்துருச்சு! இது உங்களுக்கில்ல!"

"பின்னே யாருக்கு?"

"யாருக்குமில்ல!" என்று சொல்லி, கீசெல் பானையை அவரே தூக்கிக்கொண்டு ஓடி, சின்ன ஹாலில் வைத்தார்.

அங்கேதான் பெரிய தப்பு நடந்தது. கீசெலைப் பார்த்ததும் துக்க ஹாலில் எல்லாரும் பளிச்சென்று நிமிர்ந்தார்கள். மளமளவென்று குடித்தார்கள். எழுந்தார்கள். பெலகேயா அம்மா தலையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தார். உள்ளேயிருந்து பெரிய ரோஜாப் பூப்போட்ட சால்வை ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கதவைத் திறந்து விடுப்பா. அவர் காரியம் ஆச்சு. நாங்க போகணும்."

போகணுமாமே! நடைக்கு வந்தால் எதிர்க் கதவு. அதைத் திறந்தால் சிரித்துக்கொண்டிருக்கும் முப்பது ஆம்பளைகள், அவர்கள் முன்னால் செத்தவருக்கான கிளாஸ்கள். அதைப் பார்த்தால் எந்த விதவை சும்மா இருப்பாள்? யெஃபிம் பின்பக்கமாகவே நடந்து நடைக்கு வந்தார், கதவைச் சாத்தினார், பூட்டினார். எதிரே பெரிய ஹால் கதவு திறக்கப் போனது. மணப்பெண்ணின் வெள்ளைக் கவுன் விளிம்பு தெரிந்தது. ஓடப் பார்க்கிறாள்! அதையும் தள்ளிச் சாத்திப் பூட்டினார்.

இரண்டு பக்கமும் தட்ட ஆரம்பித்தார்கள்.

"கதவைத் தொற!" என்றது துக்கம்.

"தொறய்யா கதவை! என்ன விளையாடுறியா?" என்றது கல்யாணம்.

தன் மனசு இளகிவிடும் என்று யெஃபிமுக்குத் தன் மேலேயே சந்தேகம். நடையோரம் இருந்த ஊறப்போட்ட முட்டைக்கோஸ் பீப்பாய்க்குள் இரண்டு சாவியையும் போட்டார். சாவிகள் கோஸுக்குள் ஆழமாக இறங்கின. பிறகு சின்ன ஹால் கதவில் முதுகைக் கொடுத்து, எதிர்க் கதவில் இரண்டு காலையும் ஊன்றி, நடைக்குக் குறுக்கே பாலமாக நின்றார். இந்தப் பக்கம் தள்ளினால் முதுகு வலித்தது, அந்தப் பக்கம் தள்ளினால் முழங்கால் நொந்தது. மீன் கொட்டகையை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

அப்போது தெருப்பக்கமிருந்து முதலாளி வாதிம் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நடையில் நின்று பார்த்தார்.

"என்னய்யா பண்றே?"

"பாத்துக்கலைங்க" என்றார் யெஃபிம் மூச்சு வாங்க. "கல்யாணமும் கருமாதியும். மத்தியானத்துலேர்ந்து இப்போ வரைக்கும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கவே இல்ல. நான் விடலை."

வாதிம் இரண்டு கதவையும் பார்த்தார். அவை அதிர்வதைப் பார்த்தார். நடுவே வியர்த்து விறுவிறுத்துத் தொங்குகிற மேனேஜரைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எத்தனையோ மேனேஜரைப் பாத்துட்டேன். ஓட்டலுக்காக உடம்பைக் குறுக்கே போட்ட ஒருத்தனைப் பாத்ததில்லை. திங்கட்கிழமையிலேர்ந்து நீ பர்மனென்ட்டு, யெஃபிம் லூகிச். இந்த ஓட்டல்ல ஆயுசுக்கும் மேனேஜர் நீதான்."

யெஃபிமுக்கு மூக்கிலிருந்த மீன் வாசனை சட்டென்று விலகியது. ஆணியில் மாட்டிய ரப்பர் ஏப்ரன் அப்படியே நைந்து போகட்டும். ராயிஸாவிடம் இன்று எப்படிச் சொல்லலாம், முதலில் கோட்டைக் கழற்றிவிட்டுச் சொல்லலாமா, வாசலில் நின்றே சொல்லலாமா என்று யோசித்தார். சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்தது. முதுகுப் பக்கம் யாரோ அம்மா அழுதார், கால் பக்கம் யாரோ பெண் அழுதாள். எல்லாருமே அழுவது அவருக்கு அந்த நேரத்தில் ஆறுதலாக இருந்தது.

ஸ்தெபானிதா இரண்டு கையிலும் கோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"சொல்லுக்கா" என்றார் யெஃபிம், பர்மனென்ட் மேனேஜரின் பெருந்தன்மையோடு. "அப்போலேர்ந்து ஏதோ கோட்டு கோட்டுன்னு சொல்லிட்டிருந்தியே, என்ன சிக்கல்?"

"துக்கம் இடப்பக்கம், கல்யாணம் வலப்பக்கம்னு நீ சுலபமா சொல்லிட்டே தம்பி, பாட்டி அந்த ரூம்ல, பேத்தி இந்த ரூம்லன்னு ஒரே பஸ்ல வந்து எறங்கின ஒரே குடும்பத்துக் கோட்டை நான் எப்படி ரெண்டாப் பிரிச்சு மாட்டறது?"